கண்ணுக்குப் போட்ட துணி

அருமைநாயகம் பல் டொக்டருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்பதில்லை, வாய்தான் நிற்கும். கல்யாண வீட்டில் யாராவது வந்து, "என்னைத் தெரியுதா டொக்டர்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், "அட, கீழ்வரிசைக் கடவாய்ப்பல்!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். மட்டக்களப்பு டவுனில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிடைத்திருந்த அறை வாவியைப் பார்த்தபடி இருந்தது. காலை வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே அடிக்கும். அது போதாதென்று, வெளிநாட்டுப் படிப்பு முடித்து வந்தபோது அவர் கூடவே கொண்டுவந்த பெரிய விளக்கு வேறு கதிரைக்கு மேலே தொங்கியது. படுத்திருப்பவர்களுக்குக் கண் கூசும் என்பதற்காக, நாலாக மடித்த பச்சைத் துணியொன்றைக் கண்களின் மேல் போட்டுவிடுவார். நெற்றி, கண், கன்னம் எல்லாம் மறைந்து வாய் மட்டும் மிஞ்சும். "எனக்கு வேண்டியது அதுதானே" என்பார், கொஞ்சம் பெருமையாகவே. அந்தப் பெருமைதான் பிறகு அவரைப் படாத பாடு படுத்தியது.

அது அறுபத்தெட்டாம் ஆண்டு. பல் ஆடினால் பிடுங்குவது, பல்லின் ஈறான முரசு வீங்கினால் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, இவ்வளவுதான் அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தெரிந்த வைத்தியம். அருமைநாயகம் வந்து, அழுகிய முரசைச் சீவியெடுத்து, பல்லின் வேர்வரை சுரண்டித் துப்புரவாக்கி, மிச்சத் தசையை இழுத்துத் தைத்துவிட்டார். ஆடிய பல் நின்றது. அதைக் கண்ட சனம் பஸ் பிடித்து வந்தது, தோணி ஏறி வந்தது. மனுசனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

முன்பும் ஒருதரம் பல்லைக் காட்டிவிட்டுப் போன சின்னத்தங்கம் சித்திரைக் கடைசியில் ஒருநாள் மறுபடி வந்தாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வம்மியடி என்ற வயற்கிராமத்துப் பெண். அருமைநாயகத்தின் அக்கா சீதேவிப்பிள்ளை வாழ்க்கைப்பட்டிருப்பதும் அதே ஊரில்தான். வந்தவள் முகம் முழுக்க மஞ்சள் பூசியிருந்தாள். வாய் நிறைய வெற்றிலை. ஆண்களுக்கு முன்னால் தலை நிமிராத ஊர்ப் பழக்கம். நிலத்தைப் பார்த்தபடியே கதிரையில் வந்து சாய்ந்தாள்.

"எப்ப இருந்து முரசால ரத்தம் வருது?" என்று கேட்டார்.

"தெரியா டொக்டர். நான் வெத்திலை தின்னுற ஆள். துப்பினா எப்பவும் சிவப்புத்தானே."

"வெத்திலையைத் தின்னு தின்னு வாயைக் கெடுத்து வெச்சிரிக்காய்."

"ஓம் டொக்டர்." ஏச்சு வாங்கியதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இருக்கவில்லை. "உங்கட அக்கா ஒரு சொல் சொல்லிவிட்டவ. கண்ணகை அம்மன் சடங்குக்கு உங்கள கட்டாயம் வரட்டாம். அம்மன் இப்ப அவவிலதான்..."

"அதெல்லாம் மறுகா கதைப்பம். வாயைத் திற."

தாதி பீற்றிஸ் பச்சைத் துணியை எடுத்துக் கண்களின் மேல் போட்டாள். அருமைநாயகம் குனிந்தார்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. அழுகிய முரசின் நாற்றம் அவருக்குப் பழகிப்போன ஒன்று, இது அதில்லை. மூடிவைத்த பானைக்குள் வாழைப்பழம் கனிந்து, வெடித்து, ஈரமண்ணோடு சேர்ந்து கிடந்தால் வருமே, அப்படி இனித்துக் குமட்டும் ஒரு மணம். உயிரோடு இருக்கும் ஒருத்தியின் மூச்சிலிருந்து அது வரக்கூடாது என்று அவருக்கு ஏனோ பட்டது. முகத்தை ஒருதரம் திருப்பி வாவிக் காற்றை இழுத்துக்கொண்டு, விறைப்பூசி போட்டு, வேலையைத் தொடங்கினார்.

வெட்டிய இடத்தில் இரத்தம் வந்தது. வரத்தானே வேண்டும். பஞ்சை வைத்து அழுத்தினார், நிற்கவில்லை. தைத்தார், ஊசி போன துளையாலும் கசிந்தது. வேகமாகப் பாயவுமில்லை, தண்ணீர்போல மெல்லியதாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டேயிருந்தது. அவருக்கு வியர்த்தது. துணிக்குக் கீழே சின்னத்தங்கம் சிரிப்பதுபோலத் தெரிந்தது.

"டொக்டர், சிலம்புச் சத்தம் கேக்குதா?"

வாய் நிறையப் பஞ்சு. அதற்குள்ளிருந்து அவ்வளவு தெளிவாகப் பேச்சு எப்படி வந்தது என்று பீற்றிஸ் பின்னாளில் பலதரம் கேட்டிருக்கிறாள். அறையில் சிலம்பும் இல்லை, சலங்கையும் இல்லை. யாரையோ வரவேண்டாம் என்று தடுப்பதுபோல சின்னத்தங்கம் கையை நீட்டினாள். நீட்டிய கை மணிக்கட்டில் விழுந்து விழுந்து எழும்பியது. பீற்றிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டதும் மறுபடி அடித்தது.

அவளை வார்ட்டில் படுக்கவைத்தார்கள். இரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியதும் முரசாலேயே போனது. பிறகு நினைவு தப்பியது. அதன்பின் ஒரு விடியற்காலை, வாய்க்குள் பஞ்சோடு, அவள் அடங்கிப்போனாள்.

அருமைநாயகத்தின் கத்திக்குக் கீழே அதுவரை யாரும் செத்ததில்லை. பல்லுக்கு வைத்தியம் பார்த்து யாராவது சாவார்களா? "பல்லப் பாக்கப் போன புள்ளையின்ட உயிரையே எடுத்திற்றான்" என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். அதைவிட அவரை அரித்தது அவள் கடைசியாகச் சொல்ல வந்த சேதி. சடங்குக்கு வா என்றதற்கு மேல் அக்கா என்ன சொல்லிவிட்டாள்? கேட்டிருக்கலாம். வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லியே ஒருத்தியின் பேச்சை அடைத்துவிட்டோமே என்று கிடந்து புழுங்கினார்.

அந்தப் புழுக்கத்தோடு இருந்தவரைத்தான் டொமினிக் கூப்பிட்டனுப்பினார்.

டொமினிக் அதே ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனை செய்பவர். ஈரல் பைத்தியம் என்று பெயர் வாங்கியவர். பிரேத அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. போமலின் நிறைந்த போத்தல்களில் ஈரல் துண்டுகள் கிடக்கும். அவற்றை மெழுகில் பதித்து, மயிரிழைக்குச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்து ஈரலின் கலங்கள், அந்தச் சின்னஞ்சிறு உயிரணுக்கள், எப்படிச் சாகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பதே அந்த மனுசனுக்குப் பொழுது. மீன்குழம்பு வாசத்தைவிடப் போமலின் வாசம்தான் அவர் சட்டையில் தூக்கலாக இருக்கும் என்று அவருடைய மனைவியே சொல்வதுண்டு.

"அந்தப் பொம்பிளைய நீர் கொல்லல்ல" என்றார் டொமினிக், எடுத்த எடுப்பில். "நீர் வெட்டக்குள்ளயே அவ பாதிக்கு மேல செத்திரிந்தவ. இரத்தம் உறையிறதுக்கு வேண்டிய சரக்க ஈரல்தான் உண்டாக்கிறது. ஈரல் செத்தா முதல் கசியிறது முரசுதான். நீர் நோயை விட்டுட்டு அதின்ட வாசல வெட்டினீர். இஞ்ச வந்து பாரும்."

அருமைநாயகம் கண்ணைக் குழலில் வைத்தார். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு கிராமமே விரிந்து கிடந்தது.

"நடுவில நாளம் தெரியுதா? அதச் சுத்திவர வீங்கி வெடிச்ச கலங்களப் பாரும். அயல் முழுக்க ஒரே அமளி. செத்த வீடு எண்டு தெரியுது. இப்ப கொஞ்சம் அங்கால போவம்." டொமினிக் கண்ணாடித் துண்டை மெல்ல நகர்த்தினார். "இதப் பாரும். இது வெடிக்கல்ல. சுருங்கி, உருண்டு, சிவந்துபோய்க் கிடக்கு. பக்கத்தில ஒரு சலசலப்பும் இல்ல. அயல்வீட்டுக்காரன் மெல்லமா இத எடுத்து விழுங்குறான். அழுகை இல்ல, பறை இல்ல. நாளைக்கு வந்து பாத்தா இதில ஒண்டு இரிந்த அடையாளமே இராது."

"இதுக்குப் பேர் என்ன?"

"ஆளுக்கொரு பேர் சொல்றாங்கள். எனக்கு வெடிச்சுச் சாகிறதுக்குப் பயமில்ல அருமை. இந்தச் சத்தமில்லாம சாகிறதுக்குத்தான் பயம்."

படுவான்கரையிலிருந்து இப்படியொரு ஈரல் வருவது இது முதல்முறையில்லை என்றும் டொமினிக் சொன்னார். கிருமியால் வந்தால் இப்படி இராது. எதையோ தின்கிறார்கள். இலையா, வேரா, பூஞ்சணம் பிடித்த தானியமா, தெரியவில்லை. "ஆனா ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. ஈரல் இந்தளவு செத்த மனுசிக்கு உடம்பெல்லாம் செங்கமாரி வந்து காமாலை மஞ்சள் ஏறியிரிக்குமே. உம்மட கண்ணில அது படல்லையா?"

கூட வந்திருந்த பீற்றிஸ்தான் பதில் சொன்னாள். "அவ மஞ்சள் பூசியிரிந்தா டொக்டர். நான் அது பூச்சு மஞ்சள் எண்டுதான் நினைச்சன். வாயில ரத்தம் இரிந்தது. அத வெத்திலை எண்டு நினைச்சன்."

"அப்ப கண்? கண்ணுக்கு ஆர் மஞ்சள் பூசுற?"

நாலாக மடித்த பச்சைத் துணி அருமைநாயகத்தின் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. சீவனுள்ள ஒருத்தியின் கண்ணை ஒருதரம் பார்த்திருந்தால் கத்தியைக் கையில் எடுத்திருக்கமாட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

வைகாசி பிறந்து, வம்மியடியில் கண்ணகை அம்மன் சடங்கும் தொடங்கியிருந்தது. அக்காவைப் பார்ப்பதாகவும் இருக்கும், ஊர் என்ன தின்கிறது என்று பார்ப்பதாகவும் இருக்கும் என்று அருமைநாயகம் புறப்பட்டார்.

அவருடைய முதல் பல்லைப் பிடுங்கியவள் அக்காதான். ஆடிய பாற்பல்லில் நூலைக் கட்டி, "அந்தா குரங்கு" என்று கூரையைக் காட்டி, அண்ணாந்தவனின் வாயிலிருந்து ஒரே இழுப்பு. பிறகு அந்தப் பல்லைக் கூரையில் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்டாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியின் பல், பசி, பள்ளிக்கூடம் எல்லாம் அவள் தலையில். கொஞ்சம் பெரியவனானதும், "எனக்கு மயக்க மருந்தே தேவையில்ல, என்ட அக்கா ஒரு பொய் சொன்னாக் காணும்" என்று அவர் பகிடி விடுவார். மட்டக்களப்புக்கு வந்த இந்த ஒன்றரை வருடமாக, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, அவளைப் போய்ப் பார்க்கவேயில்லை.

வாவியைத் தோணியில் கடந்து இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. மாரி பொய்த்த வருடம். வட்டை எனப்படும் வயல்வெளிகள் அரிதாள் மட்டும் மிஞ்சிக் காய்ந்து வெடித்துக் கிடந்தன. ஆடு மேயக்கூட ஒரு பச்சை இல்லை. ஆனால் வம்மியடிக்குப் போகும் வரம்பில் கால் வைத்ததும், தூரத்தில் மஞ்சள் தெரிந்தது. இடுப்பளவுச் செடிகள், மஞ்சள் பூ, காய்ந்து கறுத்த நெற்றுகள். வறண்ட நிலத்தில் அவை மட்டும் செழித்து நின்றன.

காற்று அடித்தது. வட்டை முழுவதும் சிலம்பு குலுங்கியது.

அருமைநாயகத்தின் கால் நின்றுவிட்டது. ஒரு காற்சிலம்பு அல்ல, நூறு காற்சிலம்புகள். கண்ணுக்குத் தெரியாத யாரோ வரம்பு வரம்பாக ஏறியிறங்கி நடந்துவருவதுபோல, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒலி நகர்ந்தது. மயிர் குத்திட்டது. பிறகுதான் விளங்கியது, காய்ந்த நெற்றுக்குள் விதை ஆடுகிறது. கிலுகிலுப்பைச் செடி. சின்னப்பிள்ளைகள் நெற்றைப் பறித்துக் கிலுக்கி விளையாடும் சாதாரணச் செடி. விளங்கியும் மனம் அடங்கவில்லை. சின்னத்தங்கம் கேட்டதும் இதைத்தானே?

செடிகளுக்கு நடுவே பெண்கள் குனிந்து நின்று இலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பெட்டி நிறைய இலை. காலடிச் சத்தத்துக்கு நிமிர்ந்து, ஆணென்று கண்டதும் கவிழ்ந்த முகங்கள் எல்லாம் மஞ்சள். சிரித்த வாய்கள் எல்லாம் சிவப்பு.

அக்காவின் புருசன் நல்லரத்தினம் படலையில் நின்று வரவேற்றார். மனுசன் இளைத்திருந்தாலும் முகத்தில் ஒரு மிதப்பு.

"வா மச்சான், வா. உன்ட அக்கா இப்ப பழைய ஆள் இல்ல. அம்மன் வந்திரிக்கா அவவில."

"என்ன சொல்றீங்க அத்தான்?"

நல்லரத்தினம் ஆற அமரச் சொன்னார். தை மாதம் ஊரில் பஞ்சம் கடித்தபோது சீதேவிப்பிள்ளை ஒரு கனவு கண்டாளாம். வறண்ட வட்டையில் அம்மன் சிலம்போடு நடந்து போனாவாம். அடி வைத்த இடமெல்லாம் பச்சை. விடிந்து போய்ப் பார்த்தால் கிலுகிலுப்பை நிற்கிறது. அம்மன் காட்டிய இலை என்று ஆய்ந்து வந்து கஞ்சி காய்ச்சினாள். பசியில் கிடந்த ஊருக்கு ஊற்றினாள். அன்றிலிருந்து நேர்த்தி வைத்தவர்கள், வயிறு காய்ந்தவர்கள் எல்லாருக்கும் சீதேவிப்பிள்ளையின் சிலம்புக் கஞ்சிதான். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, பானை அடியில் மண்டிக் கிடப்பதைத்தான் அவள் வழித்துக் குடிப்பாள்.

"இப்ப அவவுக்குப் பகலில நித்திரை, ராவில முழிப்பு. கை தன்பாட்டில ஆடும். சில நேரம் எங்களையும் தெரியா, வேற பாஷை பேசுறமாதிரிப் பேசுவா. கோயில்ல பூசை வைக்கிற கப்புகனாரே சொல்லிப்போட்டார், அம்மன் ஏறின அறிகுறி எண்டு."

அருமைநாயகத்துக்கு டொமினிக் சொன்ன இலை நினைவுக்கு வந்தது. கை ஆடும் என்ற சொல்லிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தாலும், தன் கண்ணால் காணும்வரை அது பொய்யாகிவிடக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. அக்கா கோயிலில் தங்கியிருக்கிறாள், சடங்கு முடியுமட்டும் வீட்டுக்கு வரமாட்டாள் என்றார் அத்தான். காலையில் பார்க்கலாம்.

விடிந்ததும் கோயில் வளவுக்குப் போனார். மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நிலம் சேறாகிக் கிடந்தது. சனம் வளவை நிறைத்து நின்றது. ஆண், பெண், குஞ்சு, குருமான் எல்லாருடைய தலையிலிருந்தும் மஞ்சள் நீர் வடிந்து முகத்தில் காய்ந்திருந்தது. எல்லா வாயும் வெற்றிலையில் சிவந்திருந்தது. அருமைநாயகம் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதில் யாருக்கு ஈரல் இருக்கிறது, யாருக்கு இல்லை? யார் துப்புவது வெற்றிலை, யார் துப்புவது இரத்தம்? டொமினிக்கின் கண்ணாடித் துண்டுக்குள் தானும் ஒரு புள்ளியாக நிற்பதுபோல இருந்தது. வீங்கவில்லை, வெடிக்கவில்லை, ஒரு அழுகுரல்கூட இல்லை. பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாக உருண்டு சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

வேம்பின் கீழ், கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில், சீதேவிப்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. அவர் குனிந்து, "அக்கா" என்றார்.

அவள் வாய் திறந்தது. முதலில் வந்தது அந்த மணம்தான்.

"ஆரு... தம்பியா? வந்திற்றியா மனே? சின்னத்தங்கத்திட்டச் சொல்லிவிட்டனே. சொன்னவளா?"

"சொன்னா அக்கா."

"கஞ்சி குடி."

"குடிக்கிறன். முதல் வா, முகம் கழுவுவம்."

கோயில் கிணற்றடிக்கு அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். பையிலிருந்து சவுக்காரத்தை எடுத்தார். முதல் நுரை இரத்தமாகச் சிவந்தது. மஞ்சளில் சவுக்காரம் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும் விரலில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றினார். இரண்டாவது நுரை வெளிறிய சிவப்பு. மறுபடி ஊற்றி, மறுபடி தேய்த்தார். கடைசி நுரை பால்போல வெள்ளையாக வழிந்தது. பூசிய மஞ்சள் ஒரு பொட்டு இல்லாமல் போய்விட்டது.

முகம் மஞ்சளாகவே இருந்தது.

"கண்ணைத் திற அக்கா."

திறந்தாள். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் கிலுகிலுப்பைப் பூவின் நிறம். அருமைநாயகம் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தார். கண்ணீர் அதைக் கேட்கவில்லை.

தண்ணீர் பட்டதாலோ என்னவோ, சீதேவிப்பிள்ளைக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சள் போயிற்றா மனே?"

"போயிற்று அக்கா."

"பொய் சொல்லாத. பொய் சொல்லக்குள்ள உனக்கு மேலுதடு துடிக்கும். சின்னதில இருந்தே அப்பிடித்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்னத்தங்கம் உசிரோட கிறுகி வரல்ல. புருசன்காரன் உன்னைத்தான் ஏசுறான். நீ அவளச் சாகடிச்சுப்போட்டாய் எண்டு."

அருமைநாயகம் அவள் கன்னத்து ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

"அவளுக்கும் இப்பிடித்தான் வாயால வந்ததா? கை ஆடினதா?" அவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். அது விழுந்து விழுந்து எழும்பியது. "அவளுக்கு வயித்துப் பசி கூட. பாவம் எண்டு நான்தான் ரெண்டு சிரட்டை கூட ஊத்தினன். கஞ்சியாலயா மனே?"

"இல்லக்கா. அதில்ல."

சீதேவிப்பிள்ளை அவருடைய மேலுதட்டைப் பார்த்தாள். பிறகு வளவைப் பார்த்தாள். கஞ்சிப் பானைக்கு முன்னால் சனம் சிரட்டைகளோடு வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தது. முன்னால் நின்ற சின்னஞ்சிறிசுகளைக் காட்டி, "சின்னத்தங்கத்தின்ட புள்ளையள்" என்றாள்.

பாய்ந்துபோய்ப் பானையைக் கவிழ்த்துவிடவேண்டும் என்று அருமைநாயகம் எழும்பினார். எழும்பியவருக்கு அடுத்த அடி வைக்க முடியவில்லை. கவிழ்த்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இந்த ஊர் தெய்வமென்று கும்பிடுகிற மனுசிதான் இந்த ஊருக்கு நஞ்சூற்றினாள் என்று சொன்னதாகும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் சாகவேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் குடிக்கும். அக்காவின் மனமா, அந்தப் பிள்ளைகளின் உயிரா? கடைசியில் "நிப்பாட்டுங்க!" என்று கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் சீதேவிப்பிள்ளை எழும்பிவிட்டாள்.

நடக்கமுடியாதவள் நடந்தாள். ஈரத் தலைமயிர் முதுகில் ஒட்டியிருக்க, ஆடுகிற இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டு போனாள். சனம் விலகிக் கும்பிட்டது. பூசை வைத்துக்கொண்டிருந்த கப்புகனார் ஓடிவந்து முன்னால் நின்றார்.

"தாயே, ஊருக்கு ஒரு வாக்குச் சொல்லு."

அவளிடமிருந்து வந்த குரலை அருமைநாயகம் அதுவரை கேட்டதில்லை. அக்காவின் குரலுக்குக் கீழே இன்னொரு குரல் இருந்ததுபோல இருந்தது.

"என்ட காலில கிடக்கிற சிலம்ப ஆரடா ஆயச் சொன்ன? ஆஞ்சு ஆஞ்சு என்னத் தின்னுறீங்க. காணும்! இனி ஒரு இலை ஆயப்படா. ஒரு மிடறு குடிக்கப்படா. எல்லாத்தையும் மண்ணுக்குக் குடுங்க."

காற்று எழும்பியது. வளவுக்கு வெளியே வட்டை முழுக்கக் குலுங்கிற்று. கேட்ட சனம் நடுங்கிப்போனது. நல்லரத்தினமே முன்னால் வந்து பானையைச் சரித்தார். பச்சைக் கஞ்சி மஞ்சள் சேற்றில் கலந்து நிலத்தில் இறங்கியது. சின்னத்தங்கத்தின் பிள்ளைகள் வெறும் சிரட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

சீதேவிப்பிள்ளை வேம்பின் கீழ் சரிந்தாள். அருமைநாயகம் ஓடிப்போய்த் தலையைத் தாங்கிக்கொண்டார். அவள் உதடு அசைந்தது. இப்போது அது அக்காவின் குரல்தான்.

"உன்ட பச்சைத் துணி இரிக்கா மனே? சின்னத்தங்கம் முன்னொருக்கா உன்னட்ட வந்திற்று வந்து சொன்னவள். என்ட கண்ணைக் கட்டு. நான் கண் திறந்தாலும் ஆருக்கும் தெரியப்படா. அம்மன் இல்ல, கஞ்சி ஊத்தின நான்தான் எண்டு தெரிஞ்சா, அந்தப் புள்ளையள் என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

அருமைநாயகம் பைக்குள்ளிருந்து துணியை எடுத்தார். எத்தனையோ கண்களை மூடிய துணி. மடிப்பை விரித்து, அக்காவின் கண்களைச் சுற்றி, தலைக்குப் பின்னால் முடிந்தார். விரல் வழுக்கியது. மறுபடி முடிந்தார்.

"அம்மன் கண்ண மூடிற்றா!" என்றார் கப்புகனார். "கோபம் ஆறுமட்டும் நாமளும் அவட முகத்தப் பாக்கப்படா. கண்ணக் கட்டுங்க!"

சொன்னதுதான் தாமதம். பெண்கள் முந்தானையை இழுத்துக் கண்ணில் கட்டினார்கள். ஆண்கள் தோள்சால்வையை எடுத்துக் கட்டினார்கள். பிள்ளைகளுக்குத் தாய்மார் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வளவு அடங்கிப்போயிற்று. பேச்சில்லை, இருமலில்லை. மஞ்சள் முகங்கள், சிவந்த வாய்கள், கண்ணிருக்கும் இடத்தில் துணி. ஊர் முழுக்க அவருடைய கதிரையில் சாய்ந்திருப்பதுபோல அசையாமல் நின்றது. வட்டைப் பக்கம் மட்டும் சிலம்பு மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தது.

இதில் எத்தனை பேரின் கண் அக்காவின் கண்ணைப்போல இருக்கிறது? இப்போதே தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். ஒன்றிரண்டு பேராவது தப்பலாம்.

அக்காவின் தலையை அத்தானின் மடியில் மெல்ல மாற்றிவைத்துவிட்டு அருமைநாயகம் எழும்பினார். முன்வரிசையில் நின்ற சின்னத்தங்கத்தின் மகளிடம் போனார். முகம் தாயின் முகம்தான். தாயின் முகம் தன் நினைவில் நின்றிருப்பதை அன்றுதான் கவனித்தார். குனிந்து, அந்தச் சின்ன முகத்தில் கட்டியிருந்த துணியை மேலே தள்ளினார்.

"பயப்படாத. கண்ணைத் திற மனே."

பிள்ளை கண்ணைத் திறந்தது. வெள்ளையாக இருந்தது.

அவர் துணியை முன்போலவே இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற அவளுடைய தம்பியிடம் கையை நீட்டினார்.